துணி யாருடையது, கழிவு யாருடையது?

திருப்பூரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிகள் உடனே உருவாகிவிடுகின்றன. சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின்இணைப்பைத் துண்டிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று பிறப்பித்த ஆணைதான் இரண்டுக்கும் நடுவே கிழிக்கப்பட்ட கோடு. நீதிமன்றம் நொய்யலைக் காப்பாற்றியது என்பது ஒரு கட்சி. ஒரு நகரத்தின் அடுப்பை அணைத்தது என்பது மற்றொன்று. ஆண்டுகள் பல கடந்தும் இவ்விரு கட்சிகளும் தத்தம் இடத்திலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை.

இரண்டுமே ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் துணிபு. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்று இரண்டுமே நம்புகின்றன. தண்டனையின் அளவில்தான் அவற்றுக்குள் சண்டை. நான் கேட்க விரும்புவது அதற்கு முந்தைய கேள்வியை. நொய்யலைக் கெடுத்தது யார்? நம் சட்டம் இதற்குத் தரும் விடை பாதி விடை. அந்தப் பாதி விடையால்தான் ஆற்றுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, விவசாயிக்கும் கிடைக்கவில்லை.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலை வாசித்தவர்களுக்கு அந்த நிலக்காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் சிற்றாறு நொய்யல். பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது, சாயம் நீரை விட்டு நூலிழையில் ஏறுவதற்காக உப்பு சேர்க்கிறார்கள். துணியில் தங்குவது சாயம் மட்டுமே. உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. நிறத்தையும் கசடையும் வழக்கமான சுத்திகரிப்பால் குறைத்துவிடலாம், கரைந்த உப்பை அது ஒன்றும் செய்யாது. எனவே கண்ணுக்குத் தெளிந்த நீராகவே அது ஆற்றில் இறங்கியது. நிலத்தடியில் ஊறி, கிணறுகளை உவர்ப்பாக்கியது.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. அன்றைய ஈரோடு, கரூர் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கத்தொட்டி ஆகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடுவதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. திறக்காதே என்று விவசாயிகள் போராடியதை ஒரத்துப்பாளையத்தில்தான் கண்டது.

கரூர்ப் பகுதி விவசாயிகள் 1990-களின் நடுவிலேயே நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பிறகு தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது. 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் எட்டிவிட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, இறுதியில் 10 பைசா அபராதம். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய வாதத்தை ஏற்க மறுத்து, ஆற்றின் படிவத்தை அகற்றவும் அணையைத் தூய்மைப்படுத்தவும் ஆகும் செலவு அவர்களுடையதே என்றது. ஆணை அப்போதும் நிறைவேறவில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 2011-இல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

இத்தனைக்கும் அடித்தளமான கோட்பாடு தமிழ்நாட்டு மண்ணிலேயே முளைத்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அந்தக் கோட்பாட்டின் மீது எனக்கு எவ்விதப் பிணக்கும் இல்லை. அதன் எழுவாய் மீதுதான் பிணக்கு. மாசுபடுத்துபவர் என்பவர் யார்?

1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இதற்கு மிக எளிய விடை வைத்திருக்கிறது. கழிவுநீரை வெளியேற்றும் குழாய் யாருடைய வளாகத்தில் இருக்கிறதோ அவர்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை அவர் பெயரில். மீறினால் வழக்கும் அவர் பெயரில். சர்க்கரை ஆலைக்கும் காகித ஆலைக்கும் இது பொருந்தும். அங்கே கரும்பு வாங்குபவரும் சர்க்கரை விற்பவரும் கழிவு விடுபவரும் ஒரே நிறுவனம். திருப்பூர் அப்படி அமைந்த ஊர் அல்ல.

பனியன் தொழிலின் வழிமுறையை அறியாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். ஏற்றுமதியாளர் நூலை வாங்குகிறார். அதை நிட்டிங் நடத்துபவரிடம் அனுப்பித் துணியாக்குகிறார். அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், பேக்கிங். சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டுதான். ஆயினும் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க் என்னும் கூலிமுறையில் ஓடுகிறது. கூலிக்குச் சாயமிடும் பட்டறைக்காரருக்குத் தன் வாளாகத்துக்குள் கிடக்கும் துணியில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நிறத்தின் ஆழத்துக்கேற்ப அது கூடும், குறையும். துணி ஏற்றுமதியாளருடையது. நிறம் கடல் கடந்த பையருடையது. விலை அந்த பையருடைய முத்திரை நிறுவனம் வைத்தது. பட்டறைக்காரருக்கு மிஞ்சுவது கூலி, உப்பு, கழிவு.

'கட்டுப்படுத்த எங்களால் இயலாது. நாங்கள் வெறும் சேவை வாங்குகிறோம்' என்பது மேலடுக்கினர் வழக்கமாகச் சொல்லும் வாதம். இதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் சோதித்துப் பார்க்கலாம். லேப் டிப் என்ற சிறு மாதிரித் துண்டை பையர் ஒப்புக்கொண்ட பிறகே சாயமிடல் தொடங்குகிறது. அந்த நிறத்திலிருந்து இம்மி விலகினாலும் பட்டறைக்காரர் மறுபடி சாயமிட வேண்டும், அல்லது கூலியில் பிடித்தம் செய்த டெபிட் நோட் வந்து சேரும். ஐரோப்பிய நகரம் ஒன்றில் அமர்ந்திருப்பவரால் திருப்பூர்த் தொட்டிக்குள் இருக்கும் நீலத்தின் சாயலைக் கண்காணிக்க முடிகிறது. அதே தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மட்டும் கண்காணிக்க முடியாதாம்.

அடுத்தது அசோ சாயங்களின் கதை. புற்றுநோய் அச்சத்தால் குறிப்பிட்ட சில அசோ சாயங்களை ஜெர்மனி 1990-களின் நடுவில் தடை செய்தது. அந்தத் தடை கடைக்கோடிப் பட்டறை வரை இறங்கியது. பையர் கேட்டார், ஏற்றுமதியாளர் சான்றிதழ் கேட்டார், பட்டறைக்காரர் சாயத்தை மாற்றினார். உடுத்துபவரின் தோலுக்கு ஆபத்து என்றபோது சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் இழுபட்டன. உழவரின் கிணற்றுக்கு ஆபத்து என்றபோது மட்டும் சங்கிலி என ஒன்று இருப்பதே எவருக்கும் நினைவில்லை. ஆக, இது இயலாமை அல்ல. சட்டம் கேட்கவில்லை, ஆகவே அவர்கள் செய்யவில்லை.

சட்டம் கேட்காததன் விளைவு என்ன? 1996 தீர்ப்பின் வழியே அமைந்த சூழலிழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று 2004-இல் தீர்மானித்தது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவு. உவர்ந்த கிணற்றுக்கும், பட்டுப்போன தென்னைக்கும், நிலத்தை விட்டே வெளியேறிய ஒரு தலைமுறைக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதே காலத்தில் திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி பல ஆயிரம் கோடி ரூபாயாக இருந்தது.

இந்தச் சிறுமை தற்செயலானது அல்ல. 1986 டிசம்பரில் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் தலைமை நீதிபதி பி. என். பகவதி ஒரு விதி வகுத்தார்: ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம் விலக்கில்லாமல் பொறுப்பேற்க வேண்டும்; ஈட்டுத்தொகை அந்நிறுவனத்தின் அளவுக்கும் வசதிக்கும் ஏற்பப் பெரிதாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் சங்கிலியில் மிகச் சிறியவரைத் தேர்ந்தெடுத்து அவரே மாசுபடுத்துபவர் என்று பெயரிட்டுவிட்டால், வசதிக்கேற்ற ஈடு என்னும் அளவுகோலே ஈட்டைச் சிறிதாக்கிவிடுகிறது. பொறுப்பாளியைத் தேர்ந்தெடுக்கும் கணத்திலேயே இழப்பீட்டின் உச்சவரம்பும் தீர்மானமாகிவிடுகிறது.

எஞ்சியதை யார் கொடுத்தார்கள்? நீங்களும் நானும். மூடப்பட்ட பட்டறைகளை மீட்கத் தமிழ்நாடு அரசு 2011-இல் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. பாலாற்றுக் கதை இன்னும் வெளிப்படையானது. 1996-இல் கோட்பாட்டை ஈன்ற அதே தோல் தொழிற்சாலை விவகாரத்தில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முதலில் மாநில அரசே இழப்பீட்டைத் தந்துவிட வேண்டும், பிறகு மாசுபடுத்தியவரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர் காத்திருக்கக் கூடாது என்னும் அக்கறை சரியே. ஆனால் 'மாசுபடுத்துபவரே ஈடு செய்க' என்று தொடங்கியது, 28 ஆண்டுகள் கழித்து, 'முதலில் அரசு கொடுக்கட்டும்' என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

வேறு வழியே இல்லையா? சட்டத்துக்கு வேறு வழி தெரியாது என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். தெரியும். நம் சட்டப் புத்தகத்திலேயே நான்கு இடங்களில் இருக்கிறது.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் தொழிலாளருக்குக் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது.

இரண்டாவது, 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. இடையில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யாருடைய பொருளாதாரக் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்றார் அவர். திரையை விலக்கிப் பார்க்கும் அந்தப் பார்வை நீருக்கு மட்டும் ஏன் கிட்டவில்லை?

மூன்றாவது, 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள். தெருவில் கிடக்கும் காலி உறைக்கு, அதன் மீது பெயர் அச்சிட்ட முத்திரை நிறுவனத்தைப் பொறுப்பாக்குகின்றன அவை. உறையை அச்சிட்டுக் கொடுத்த சிறு அச்சகத்தோடு கேள்வி நின்றுவிடுவதில்லை.

நான்காவதுதான் எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் படுவது. 2017-ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், கூலி வேலை என்பதற்கு இன்னொருவருக்குச் சொந்தமான பொருளின் மீது செய்யும் வேலை என்று இலக்கணம் சொல்கிறது. அந்தப் பொருளுக்குக் கணக்கு வைக்கும் பொறுப்பு கொடுத்தனுப்பிய முதன்மையாளருடையது என்கிறது. வரி என்று வரும்போது சாயத்தொட்டிக்குள் கிடக்கும் துணி ஏற்றுமதியாளருடையது. அரை மணி நேரத்தில் அதே துணியைப் பிழிந்து வரும் நீர் பட்டறைக்காரருடையதாம். வருவாயைத் தேடும்போது திறக்கும் சட்டத்தின் கண், ஆற்றைத் தேடும்போது மூடிக்கொள்கிறது.

மறுப்புகள் வரும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். இல்லை. மழை பெய்த இரவில் கழிவைத் திறந்துவிட்டவர்களும், திருப்பூரில் மூடியதும் வேறு ஆற்றங்கரைகளுக்குத் தொழிலைக் கடத்தியவர்களும் அவர்களில் உண்டு. பொறுப்பு அவர்களுக்கும் உண்டு; அவர்களோடு முடிந்துவிடக் கூடாது என்பதே என் வாதம். இன்று சவ்வூடு பரவலும் ஆவியாக்கிக் கலங்களும் வைத்து நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. அதன் செலவு கூலியில் ஏறுகிறது. நாடு முழுவதும் சாயத்தொழிலுக்கு இந்தப் பூஜ்ய வெளியேற்றத்தை விதிக்க மத்திய அரசு 2015-இல் வரைவு வெளியிட்டது. 2016-இன் இறுதி விதியில் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. எனவே செலவு செய்யாத ஊரோடு செலவு செய்யும் ஊர் கிலோக் கணக்கில் போட்டியிட வேண்டியிருக்கிறது. மேலிருப்பவர் பொறுப்பேற்காதவரை மலிவான கூலியே வெல்லும். மலிவான கூலி என்பதன் இன்னொரு பெயர் திறந்துவிடப்பட்ட குழாய்.

பொறுப்பை ஏற்றினால் ஆர்டர்கள் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பார்கள். இந்த வாதத்தை 2006-இலும் சொன்னார்கள், 2011-இலும் சொன்னார்கள். அதன் பிறகு ஊரின் ஏற்றுமதி மும்மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

நிறுவனச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார் சிலர். 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் இயக்குநர்களின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. சமூகப் பொறுப்புச் செலவையும் விதிக்கிறது. ஆனால் திருப்பூரில் எத்தனை பனியன் கம்பெனிகள் சட்டப்படி கம்பெனிகள்? பெயர்ப்பலகையில் கம்பெனி என்றிருப்பவற்றில் பல, கூட்டாண்மை நிறுவனங்கள் அல்லது தனியுரிமை நிறுவனங்கள். அந்தக் கடமைகள் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஐரோப்பா பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2013-இல் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு அங்கே மனசாட்சி விழித்தது. பிரான்ஸ் 2017-இல் சட்டமியற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விநியோகச் சங்கிலிப் பொறுப்புக்கான கட்டளையை ஏற்றது. அது நடைமுறைக்கு வருமுன்பே, 2025-இல் தள்ளிவைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அதன் எல்லையைக் குறுக்கவும், ஒன்றியம் முழுமைக்குமான உரிமையியல் பொறுப்பைக் கைவிடவும் உடன்பட்டார்கள். நம் ஆற்றைக் காக்கும் சட்டத்தை அவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருப்பது பேதைமை.

ஆயினும் முத்திரை நிறுவனத்தைக் கட்டவே முடியாது என்பதும் பொய். திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம் தொழிலாளி ஒருவர் கொலையுண்ட பிறகு, பாலின வன்முறைக்கு எதிராக 2022-இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர் சங்கமும் உற்பத்தி நிறுவனமும் மட்டுமன்றி, எச் அண்ட் எம் என்ற பன்னாட்டு நிறுவனமும் அதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. பெண்கள் தலைமையேற்ற ஒரு சங்கம் சாதித்ததை ஓர் அரசால் சாதிக்க முடியாதா?

இப்போது காற்று இரு திசைகளில் வீசுகிறது. 2024-இன் நீர்ச் சட்டத் திருத்தம், பல மீறல்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை வைத்தது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு. பிற மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்கலாம். மறுபுறம், தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் வழக்கில் 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம், மாசு வாரியங்கள் தாமே சூழல் இழப்பீட்டை விதிக்கலாம் என்றது. ஒரு கை தளர்கிறது, ஒரு கை இறுகுகிறது. இரண்டு கைகளும் பிடித்திருப்பது என்னவோ அதே பட்டறைக்காரரின் சட்டையைத்தான்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. வரிச் சட்டத்திலுள்ள 'முதன்மையாளர்' என்ற ஒரு சொல்லை நீர்ச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கூலிக்குச் சாயமிடும் ஒவ்வொரு பட்டறையின் இசைவாணையோடும், துணி அனுப்புபவர்களின் பதிவேடும் இணைக்கப்படட்டும். இந்தக் கணக்கு வரித்துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டறை மீறினால், அந்தக் காலத்தில் அனுப்பிய துணியின் எடைக்கேற்ப முதன்மையாளரும் கூட்டாகப் பொறுப்பேற்கட்டும். அன்று ஏற்றுமதியாளரே பையரிடம் சுத்திகரிப்புச் செலவைத் தனி வரியாக எழுதிக் கேட்பார். லேப் டிப்பைப் பார்க்கும் கண்ணால் மீட்டருக்குள் ஓடும் நீரையும் பார்ப்பார்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனின் சிலை இருக்கிறது. கன்றின் மீது ஏறியது சக்கரம். சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நீதி வழங்கியாயிற்று என்று அரசன் அரண்மனைக்குள் போயிருந்தால் இன்று அங்கே சிலை நின்றிராது. தேர் யாருடையது என்று அவன் கேட்டான். நொய்யல் விவகாரத்தில் நாம் இதுவரை சக்கரத்தைத்தான் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.